கழுத்து வலி இல்லையே, எனக்கு எதற்கு டெஸ்ட்?

எங்கள் சங்கராபுரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குழாயடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீருக்காக நின்றுகொண்டிருந்தோம். சுகாதார நர்ஸ் நோட்டும் கையுமாக வந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எல்லாம் எழுதிக்கொண்டார். "எல்லாரும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. செர்விகல் டெஸ்ட் எடுக்கறாங்க. காசு கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தார்.

"எனக்குக் கழுத்து வலி ஒண்ணும் இல்ல பாப்பா. எங்க வூட்டுக்காரருக்குத்தான் செர்விகல். மூட்டை தூக்கித் தூக்கி வந்தது. கழுத்துல பட்டை மாட்டிக்கிட்டுத் திரியறாரு. வேணும்னா அவரை அனுப்பி வைக்கிறேன்!"

குழாயடியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் அந்தச் சிரிப்பு எனக்கு மறந்தே போயிற்று.

கறிவேப்பிலை கேட்டு வந்த அக்கா, போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏம்மா, எனக்கு நின்னு போயி ரெண்டு வருஷம் ஆவுது. இப்ப ரெண்டு மூணு தடவை லேசாப் பட்டுச்சு. உடம்புல ரத்தம் ஊறியிருக்கு போலன்னு நெனச்சிக்கிட்டேன். நல்லதுதானே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காலையில் நர்ஸ் கூப்பிட்டாரே, அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாகப் போயிருக்க வேண்டியவர் இந்த அக்காதான். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை குறுக்கே நின்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது!

தைராய்டு இல்லாதவர் யார்?

அக்காவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நாம் எல்லாருமே அப்படித்தான். "எனக்குத் தைராய்டு இருக்கு" என்கிறோம். தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் இருக்கிற ஒரு சுரப்பியின் பெயர். அது யாருக்குத்தான் இல்லை? "பிள்ளைக்கு சைனஸ்" என்கிறோம். சைனஸ் என்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் இருக்கிற காற்றறை. அதுவும் எல்லாருக்கும் உண்டு. டான்சில், அப்பெண்டிக்ஸ், டிஸ்க்... எல்லாம் உடம்பின் பாகங்கள்தான். நம் வாயில் விழுந்ததும் அவை வியாதியின் பெயர்களாகிவிட்டன.

தைராய்டு, சைனஸில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. டாக்டருக்கும் புரிந்துவிடுகிறது, நமக்கும் காரியம் நடந்துவிடுகிறது. 'செர்விகல்' கதை அப்படி அல்ல. அந்த ஒரு வார்த்தை நம் உடம்பில் இரண்டு வெவ்வேறு இடங்களுக்குச் சொந்தம்.

லத்தீன் மொழியில் 'செர்விக்ஸ்' என்றால் கழுத்து. தலைக்கும் முதுகுக்கும் நடுவே இருக்கிற ஏழு எலும்புகளை டாக்டர்கள் 'செர்விகல்' எலும்புகள் என்கிறார்கள். (நமக்கும் ஏழு, அத்தனை நீளக் கழுத்துள்ள ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான்!) அவை தேய்ந்தால் 'செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்'. அதற்குப் போடுகிற பட்டை 'செர்விகல் காலர்'. இவ்வளவு நீளமாக யார் சொல்வார்கள்? வாலை வெட்டிவிட்டு "எனக்குச் செர்விகல்" என்று சுருக்கிவிட்டோம். அக்கா வீட்டுக்காரருக்கு வந்தது இதுதான்.

இன்னொரு செர்விக்ஸ், பெண்களுக்கு மட்டுமே உள்ளது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்பு வழியில் வந்து முடிகிறதல்லவா? அந்தக் குறுகலான பாகத்துக்கும் பழைய வைத்தியர்கள் கழுத்து என்றே பெயர் வைத்தார்கள். அதில் வருகிற புற்றுநோய்க்கு 'செர்விகல் கான்சர்' என்று பெயர். அதை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற பரிசோதனையைத்தான் நர்ஸ் சுருக்கமாக 'செர்விகல் டெஸ்ட்' என்றார்.

சொம்பைப் பாருங்கள்

உங்கள் வீட்டுச் சொம்பைக் கையில் எடுங்கள். அதற்குக் கழுத்தும் உண்டு, வாயும் உண்டு. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடியுங்கள். கிட்டத்தட்ட அதுதான் கர்ப்பப்பை. அகன்ற பாகம் மேலே, குறுகிய பாகம் கீழே.

லத்தீன்காரர் கண்ணில் அதன் கழுத்து பட்டது. நமக்கு வாய் பட்டது. அதனால் நாம் 'கர்ப்பப்பை வாய்' என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் 'கருப்பைக் கழுத்து' என்று எழுதுகிறார்கள். ஜெர்மன் மொழியில் வேடிக்கை, இரண்டும் உண்டு. அந்தப் பாகத்துக்குக் கர்ப்பப்பைக் கழுத்து என்று பெயர். பிரசவத்தில் திறக்கிற துவாரத்துக்கு 'தாய் வாய்' என்று பொருள்படும் ஒரு பெயர்!

பிள்ளை பெற்ற யாருக்கும் இந்த இடம் புதிதல்ல. பிரசவ அறையில் வலியோடு படுத்திருந்தபோது நர்ஸ் கையுறை போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு விரல் திறந்திருக்கு, இன்னும் நேரமாகும்" என்று சொன்னது நினைவிருக்கிறதா? திறந்தது இதே கர்ப்பப்பை வாய்தான். அது பத்து சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்து வழிவிட்டதால்தான் உங்கள் குழந்தை வெளியே வந்தது. நமக்கு இத்தனை பெரிய உபகாரம் செய்த ஒரு பாகத்தின் பெயரைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. "அந்த இடம்", "கீழே", "வயித்துல ஏதோ" என்று சுற்றி வளைக்கிறோம். அல்லது அர்த்தம் தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்.

ஸ்கேன் காகிதத்தில் ஒரு கலக்கம்

கர்ப்பிணிப் பெண்களுக்கு இதே வார்த்தை இன்னொரு விதத்தில் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஐந்தாம் மாதத்து ஸ்கேன் காகிதத்தில் 'செர்விக்ஸ் நீளம்' என்று சில சென்டிமீட்டர் அளவு போட்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வீட்டில் யாரோ "செர்விக்ஸ்னா கழுத்து" என்று சொல்லக் கேட்டு, குழந்தையின் கழுத்துதான் குட்டையாக இருக்கிறதோ என்று இரவெல்லாம் அழுதிருக்கிறாள்!

அந்த அளவு குழந்தையுடையது அல்ல, தாயின் கர்ப்பப்பை வாயுடையது. நடு மாதங்களில் அது இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், பிரசவம் மாதத்துக்கு முன்பே வர வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் கவனமாகப் பார்ப்பார். தேவைப்பட்டால் மருந்து கொடுப்பார். சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போடுவார்கள், பிறகு பிரசவ சமயத்துக்குமுன் அதை எடுத்துவிடுவார்கள். ஆகவே ஸ்கேன் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அர்த்தம் தேடாதீர்கள். டாக்டர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "இது எந்த இடம், தமிழ்ல சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள்.

ஏன் இத்தனை அக்கறை?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி, அந்த ஓராண்டில் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்கு இது புதிதாக வந்தது. சுமார் 80 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

மனதைச் சுடுகிற விஷயம் என்னவென்றால், புற்றுநோய்களிலேயே வருமுன் தடுக்கக் கூடியது இது. இதற்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி. இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் வழியே தொற்றுகிற இந்தக் கிருமி மிக சாதாரணமானது. பெரும்பாலோருக்கு வந்த சுவடு தெரியாமல் ஒன்றிரண்டு வருஷத்தில் தானே போய்விடும். ஆகவே இது யாருடைய ஒழுக்கத்துக்கும் அத்தாட்சி அல்ல. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் வரலாம். வெட்கப்படவோ, வீட்டில் சண்டை போடவோ இதில் ஒன்றுமே இல்லை.

சிலருக்கு மட்டும் கிருமி போகாமல் தங்கிவிடுகிறது. அப்போது கர்ப்பப்பை வாயின் மேல் திசுவில் மெல்ல மெல்ல மாறுதல் ஏற்படுகிறது. அந்த மாறுதல் புற்றுநோயாக முற்றப் பொதுவாகப் பத்து முதல் இருபது வருஷம் ஆகிறது. யோசித்துப் பாருங்கள்! இருபது வருஷம் நமக்கு அவகாசம் கொடுத்துவிட்டு வருகிற வியாதி. அந்த அவகாசத்தில் வலி இருக்காது, தொல்லை இருக்காது. "எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் ஏன் போவணும்?" என்று கேட்கிற காலம்தான் போக வேண்டிய காலம்.

அம்பிளிக்கையில் நடந்தது

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை என்று ஓர் ஊர். அங்குள்ள கிறிஸ்துவ ஆஸ்பத்திரியின் துணையோடு, 2000-ஆம் ஆண்டில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. 30 வயது முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்களே கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்தார்கள். பெரிய மெஷின் கிடையாது. நல்ல வெளிச்சமும், நீர்த்த அசெட்டிக் அமிலமும்தான். நாம் சமையலில் ஊற்றுகிற வினிகரில் இருக்கிற அதே அமிலம்!

2007-இல் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நடந்த கிராமங்களில், நடக்காத கிராமங்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு. அதனால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. நம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களும் நர்ஸ்களும் உலகத்துக்குக் காட்டிய பாடம் இது. பிறகு தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இந்தப் பரிசோதனையை முதலில் நடத்திப் பார்த்து, மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டு சென்றது.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். இலவசம் என்றும், வாருங்கள் என்றும் கூப்பிட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் இருந்திருக்கும். எங்கள் குழாயடியைப் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: எந்த இடத்தைப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்தாலே பாதித் தூரம் வந்தாயிற்று. கல்வராயன் மலையில் ஒரு பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வெள்ளிமலைக்கோ கச்சிராயபாளையத்துக்கோ வர வேண்டுமென்றால், எதற்காக என்று அவளுக்கு அவள் பேச்சில் தெரிய வேண்டாமா?

டெஸ்ட்டில் என்ன செய்வார்கள்?

பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, கத்தி இல்லை. மறைவான அறையில், பிரசவத்துக்குமுன் பரிசோதிப்பார்களே அதே மாதிரி படுக்கச் சொல்வார்கள். வாத்து அலகு போன்ற ஒரு கருவியை மெதுவாக வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார்கள். நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஒரு நிமிஷம் பொறுப்பார்கள். திசுவில் மாறுதல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். லேசாகச் சுருக்கென்று இருக்கலாம். உடம்பைத் தளர்வாக விட்டு, மூச்சை மெதுவாக இழுத்து விட்டால் அதுவும் தெரியாது. ஐந்து, பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

வெள்ளை தெரிந்தால் கான்சர் என்று அர்த்தம் அல்ல! பெரும்பாலும் புண்ணாகவோ, ஆரம்ப மாறுதலாகவோதான் இருக்கும். பெரிதாக்கிக் காட்டும் கருவியால் மறுபடி பார்ப்பார்கள், தேவையானால் கடுகளவு சதை எடுத்துச் சோதிப்பார்கள். மாறுதல் இருந்தால் குளிரூட்டியோ சூடு காட்டியோ அந்த இடத்தை மட்டும் நீக்கிவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

'பாப் ஸ்மியர்' என்பது இன்னொரு முறை. கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை மெதுவாகத் துடைத்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த டாக்டர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ் பெயரில் வழங்குவது. அவருடைய மனைவி மேரி வருஷக்கணக்கில் தன் உடம்பிலிருந்தே மாதிரி கொடுத்து அந்த ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். டெஸ்ட்டுக்குக் கணவர் பெயர். அதற்குப் பின்னால் ஒரு மனைவியின் பொறுமை! இப்போது கிருமி இருக்கிறதா என்று நேராகவே பார்க்கிற ஹெச்.பி.வி. டெஸ்ட்டும் வந்திருக்கிறது.

யார், எப்போது, எங்கே?

* முப்பது வயதுக்கு மேற்பட்ட, மணமான எல்லாப் பெண்களும் செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பெற்று முடிந்தவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள், மாதவிலக்கு நின்றவர்கள் யாரும் விலக்கு அல்ல.

* ஒரு தடவை நன்றாக இருந்தால், அமிலம் தடவிப் பார்க்கிற முறையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை போதும். மற்ற டெஸ்ட்களுக்கு எத்தனை வருஷம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

* உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு ஆஸ்பத்திரியிலோ கேளுங்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, மேற்கொண்டு பார்க்க வேண்டி வந்தால், 2022 ஜனவரியில் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்போல எல்லாவற்றுக்கும் விழுப்புரமோ, சேலமோ, பாண்டிச்சேரியோ என்று மலைக்க வேண்டியதில்லை.

* இந்த அறிகுறிகள் இருந்தால் முகாம் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்: மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம் படுவது, தாம்பத்திய உறவுக்குப்பின் ரத்தம் படுவது, இரண்டு விலக்குகளுக்கு நடுவே படுவது, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுப் பாட்டி அல்ல!

மகளுக்கு ஓர் ஊசி

நமக்குக் கிடைக்காத ஒரு பாதுகாப்பு நம் மகள்களுக்குக் கிடைக்கிறது. ஹெச்.பி.வி. கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2006-இல் உலகில் புழக்கத்துக்கு வந்தது. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிட்யூட், இந்தியாவிலேயே தயாரித்த 'செர்வாவாக்' என்ற ஊசியை 2023-இல் வெளியிட்டது. 2025-26 தமிழக பட்ஜெட்டில், பெண் குழந்தைகளுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தார்கள்.

ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டால் பலன் மிக அதிகம். "இத்தனை சின்னப் பெண்ணுக்கு எதற்கு இந்த ஊசி?" என்று பாட்டிமார் கேட்பார்கள். அம்மை வருவதற்குமுன் தானே அம்மைக்குத் தடுப்பூசி போடுகிறோம்? அந்த நியாயம்தான் இதற்கும். உங்கள் ஊரில் எப்போது, எங்கே போடுகிறார்கள் என்று சுகாதார நர்ஸிடம் விசாரித்து வையுங்கள். ஊசி போட்ட பெண்ணும் முப்பது வயதுக்குமேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

அக்கா என்ன ஆனார்?

சொம்பைக் கவிழ்த்துக் காட்டி அக்காவுக்கு விளக்கினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அப்ப இது கழுத்து சமாச்சாரம் இல்லியா?" என்றார். அதன்பிறகு வெகு நேரம் பேசவே இல்லை. போகும்போது, "நீ கூட வருவியா பாப்பா?" என்றார்.

வியாழக்கிழமை வரை நாங்கள் காத்திருக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறினோம். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார், சதை எடுத்துச் சோதித்தார்கள். ஆரம்ப நிலை என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் கழுத்துப் பட்டையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

இப்போது அக்கா நன்றாக இருக்கிறார். குறித்த தேதி தவறாமல் போய்க் காட்டிவிட்டு வருகிறார். போன மாதம் நர்ஸ் மறுபடி நோட்டோடு வந்தார். "செர்விகல் டெஸ்ட்..." என்று ஆரம்பித்ததும் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படிச் சொன்னா எவளுக்கும் வெளங்காது நர்ஸம்மா. நான் சொல்றேன் இரு" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "கழுத்து இல்லடி. கர்ப்பப்பை வாய்! புள்ள பெத்தோமே, அந்த வாசல். அதைப் பார்க்கத்தான் கூப்புடறாங்க. அத்தினி பேரும் போயிட்டு வாங்க."

இந்தத் தடவை குழாயடியில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் சேர்ந்தே போனோம்.